சியன் சிச்சென்: ஒப்பித்தவரா, காய் நகர்த்தியவரா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். சீனாவில் வெளியுறவுக் கொள்கையைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது, அமைச்சர் அதை வெளியே போய்ச் சொல்கிறார், அவ்வளவுதான். அப்படியிருக்க, 1988 முதல் 1998 வரை வெளியுறவு அமைச்சராக இருந்த சியன் சிச்சென்னை மட்டும் ஏன் பெரிய ராஜதந்திரி என்று தனியாகப் பேசுகிறார்கள், அவராகச் செய்தது என்று எதையாவது காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்காக அவருடைய வாழ்க்கைக் குறிப்பும் வேண்டும் என்று சேர்த்திருக்கிறீர்கள். குறிப்பு எங்கும் கிடைக்கும். முதல் பாதிதான் நல்ல கேள்வி. இருபது வருடங்களுக்கு மேல் கல்லூரியில் சர்வதேச உறவுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். நவீன சீனா பற்றிய வகுப்பில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவர் இதையே கேட்பார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் சந்தேகத்தில் சரியானதை ஒத்துக்கொள்ள வேண்டும். சோவியத் யூனியனோடு சமரசம், தென் கொரியாவோடு உறவு, 1989-க்குப் பிறகு அமெரிக்காவோடு முறித்துக்கொள்ளாமல் இருப்பது ஆகிய பெரிய முடிவுகள் எதுவும் சியன் எடுத்தவை அல்ல. அப்போதைய சீனத் தலைவர் டெங் சியாவோபிங்கும், அவருக்குப் பின் வந்த ஜியாங் செமினைச் சுற்றியிருந்த தலைமையும் எடுத்தவை. சீனாவின் முதல் பிரதமர் சூ என்லாய் காலத்திலேயே சீனத் தூதர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது: வெளியுறவில் சின்ன விஷயம் என்று ஒன்று கிடையாது, உங்களுக்குத் தரப்பட்ட அதிகாரம் வரம்புக்குட்பட்டது, எதுவானாலும் மேலே கேளுங்கள். தூதர்களை அவர் சிவில் உடை அணிந்த ராணுவம் என்றே அழைத்தார். சியன் வளர்ந்தது அந்தப் பள்ளியில். ஆனால் ‘சோவியத்தோடு பேசலாம்’ என்று மேலிருந்து வரும் ஒரு வரிக்கும், மூன்று நிபந்தனைகளை விட்டுக்கொடுக்காமல் ஏழு வருடம் பேசி முடிப்பதற்கும் நடுவில் நிறைய வேலை இருக்கிறது. எப்போது சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது, எந்தச் சொல்லைப் போடுவது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற வேலை அது. சியன் பெயர் வாங்கியது அந்த இடத்தில்தான்.

வாழ்க்கைக் குறிப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1928 ஜனவரியில் பிறந்தார். ஷாங்காயில் மாணவராக இருந்தபோதே, 1942-இல், பதினான்கு வயதில் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமறைவு அமைப்பில் சேர்ந்தார். அங்கே ‘தா குங் பாவ்’ நாளிதழில் வேலை. 1949-க்குப் பிறகு இளைஞர் கழகம், 1954-இல் படிப்புக்காக மாஸ்கோ, பிறகு அங்கேயே தூதரக வேலை. கலாசாரப் புரட்சியில் மற்ற அதிகாரிகளைப் போல இவரும் உடலுழைப்புக்கு அனுப்பப்பட்டார். 1972-இல் மறுபடி மாஸ்கோ, 1974-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாவுக்குத் தூதர், 1977 முதல் வெளியுறவு அமைச்சகத்தின் செய்தித் துறைத் தலைவர். இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ரஷ்ய மொழியும் மாஸ்கோவும் கைவந்தவர். அதோடு பத்திரிகை வேலை தெரிந்தவர், ஒரு வாக்கியத்தை நாலு பேர் நாலு விதமாகப் படிப்பார்கள் என்று அனுபவத்தில் அறிந்தவர். இரண்டும் ஒன்றுசேர்ந்த நாள் 1982 மார்ச் 26.

அதற்கு இரண்டு நாள் முன்னால் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் தாஷ்கண்டில் பேசினார். வழக்கம்போலச் சீனாவைத் தாக்கினாலும், சீனா ஒரு சோஷலிச நாடுதான் என்று ஒத்துக்கொண்டு, உறவைச் சீர்படுத்தலாம் என்ற குறிப்பையும் உள்ளே வைத்திருந்தார். உடனே பதில் சொல்லுங்கள் என்று டெங்கிடமிருந்து அமைச்சகத்துக்குத் தொலைபேசி வந்தது. எப்படிச் சொல்வது? அறிக்கை விட்டால் கனம் கூடிவிடும், பேசாமலிருந்தால் வாய்ப்புப் போய்விடும். செய்தித் துறைத் தலைவர் என்ற முறையில் சியன் ஒரு செய்தியாளர் சந்திப்பு வைத்தார். அமைச்சகத்தில் அப்போது அதற்கென்று ஓர் அறைகூட இல்லை. பிரதான கட்டடத்தின் முன்கூடத்தில் எழுபது எண்பது பேர் அவரைச் சுற்றி நின்றார்கள், நாற்காலி கிடையாது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்ற லி சாவோசிங் பின்னாளில் தாமே வெளியுறவு அமைச்சரானார். சியன் படித்தது மூன்றே வாக்கியம். பிரெஷ்னேவ் பேச்சைக் கவனித்தோம். அதில் சீனாவைத் தாக்கியிருப்பதை உறுதியாக நிராகரிக்கிறோம். சீன–சோவியத் உறவிலும் உலக விவகாரங்களிலும் சோவியத்தின் செயலையே நாங்கள் முக்கியமாகப் பார்ப்போம். கேள்வி பதில் எதுவும் இல்லை, அத்தோடு முடிந்தது.

வகுப்பில் இந்த மூன்று வாக்கியங்களைப் பலகையில் எழுதிப்போட்டு, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று மாணவர்களைக் கேட்பேன். முதல் வாக்கியம் காது திறந்திருக்கிறது என்கிறது. இரண்டாவது, நாங்கள் இறங்கி வரவில்லை என்கிறது. மூன்றாவதில்தான் கதவு: செயலைப் பார்ப்போம் என்றால், செயல் இருந்தால் பேசுவோம் என்று அர்த்தம். இருபது வருடப் பகைக்குப் பிறகு இவ்வளவு சிறிய இடைவெளி வழியாக வழிவிட்டார்கள். கூட்டத்தில் இருந்த சோவியத் நிருபர் ஒருவர் கட்டைவிரலை உயர்த்தி ‘மிக நன்று’ என்று ரஷ்ய மொழியில் சொன்னதாக சியன் எழுதியிருக்கிறார். அவர் அதைச் சரியாகப் படித்திருக்கிறார் என்றே தோன்றுகிறது. சீன அமைச்சகத்துக்கு இன்று தினமும் பேசும் செய்தித் தொடர்பாளர்கள் இருக்கிறார்களே, அந்த வழக்கம் தொடங்கியது இந்த நின்றபடி நடந்த சந்திப்பிலிருந்துதான்.

அப்புறம் வந்தது நீண்ட வேலை. அந்த ஆகஸ்டில் அமைச்சகத்தின் சோவியத் பிரிவுத் தலைவர் யூ ஹொங்லியாங், தூதரகத்தைப் பார்வையிடப் போவதாகச் சொல்லிக்கொண்டு மாஸ்கோ போனார். ஆயிரம் எழுத்துகள் அளவுள்ள செய்தியை மனப்பாடம் செய்துகொண்டு போய், ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டு வந்தார். அக்டோபரில் பேச்சு தொடங்கியது. துணை அமைச்சராகியிருந்த சியன் சீனத் தரப்பின் தூதர். சீனா வைத்த மூன்று தடைகள் எல்லாருக்கும் தெரிந்தவை: எல்லையிலும் மங்கோலியாவிலும் சோவியத் படைகள், ஆப்கானிஸ்தானில் சோவியத் படை, கம்போடியாவில் சோவியத் ஆதரவோடு வியட்நாம் படை. 1988 வரை பன்னிரண்டு சுற்றுகள். ஆரம்பச் சுற்றுகளில் இருவரும் தங்கள் பேச்சைத் தாங்களே கேட்டுக்கொண்டார்கள் என்று சொல்லலாம். ‘மூன்றாம் நாடு பற்றிப் பேச மாட்டோம்’ என்பது மாஸ்கோவின் பல்லவி. 1986 ஜூலையில் புதிய சோவியத் தலைவர் கோர்பச்சேவ் விளாதிவஸ்தோக்கில் பேசியபோது முதல் இரண்டு தடைகளில் இறங்கி வந்தார், கம்போடியா மட்டும் நின்றது. சீனா மூன்றாவதையும் விடவில்லை.

1989 பிப்ரவரியில் சோவியத் வெளியுறவு அமைச்சர் ஷெவர்ட்நாட்சே வந்தார். கோர்பச்சேவ் எப்போது பெய்ஜிங் வருவார் என்று தேதியை அறிவித்துவிட வேண்டும் என்பது அவருடைய அவசரம். கம்போடியா பற்றிய கூட்டறிக்கை முடியாமல் தேதி இல்லை என்பது சியனின் பிடி. ஷாங்காயில் டெங்கைப் பார்த்த ஷெவர்ட்நாட்சே அங்கேயே மே மாதத் தேதியைச் சொல்லிப் பார்த்தார். சியனின் நினைவுக் குறிப்புப்படி, டெங் நழுவிவிட்டார்: இரண்டு அமைச்சர்களும் பேசி முடிக்கவில்லையே, தேதியை நீங்கள் இருவருமே முடிவு செய்யுங்கள், உங்கள் உத்தரவுக்கு நான் கட்டுப்படுகிறேன் என்றாராம். உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய காட்சி இது. முடிவெடுக்கிறவர் டெங்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தன் அமைச்சர் பிடித்துவைத்திருந்த கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கவில்லை. கூட்டறிக்கையும் வந்தது, தேதியும் வந்தது. மே 16-ஆம் தேதி சந்திப்பில் கை குலுக்கல் மட்டும், கட்டித் தழுவல் கிடையாது என்று டெங் முன்கூட்டியே சொல்லியிருந்தார். உறவு சகஜமாகிறது, பழைய கூட்டணி திரும்பவில்லை என்று உலகத்துக்குக் காட்ட அது போதுமானதாக இருந்தது.

அடுத்த மாதமே, ஜூன் 4 அன்று, பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டம் ராணுவத்தால் ஒடுக்கப்பட்டது. மேற்கு நாடுகளும் ஜப்பானும் தடை விதித்தன, உயர்மட்டச் சந்திப்புகள் நின்றன. இங்கே நான் தயங்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: ஒரு அரசு தன் மக்கள்மேல் ராணுவத்தை ஏவியதன் விளைவு அது, அந்த விளைவிலிருந்து அரசை மீட்பது சியனின் வேலையாக இருந்தது. அவருடைய திறமையை மெச்சும்போது இதை மறக்கக் கூடாது. திறமையாக இருந்ததும் உண்மை. வாஷிங்டன் வழி அடைபட்டிருந்தபோது அவர் பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டினார். 1967-இல் உறவு முறிந்திருந்த இந்தோனேசியாவோடு, 1989 பிப்ரவரியில் ஜப்பானியப் பேரரசரின் இறுதிச் சடங்குக்கு டோக்கியோ போன இடத்தில் சுகார்த்தோவிடம் பேசி, அந்தப் பேச்சை ஏற்கெனவே தொடங்கிவைத்திருந்தார். 1990-இல் இந்தோனேசியா, சவூதி அரேபியா, சிங்கப்பூர். 1991-இல் வியட்நாமோடு சமரசம். 1992 ஜனவரியில் இஸ்ரேல். தடை விதித்த கூட்டத்தில் ஜப்பானை அவர் பலவீனமான கண்ணி என்று கணித்தார். 1992 அக்டோபரில் ஜப்பானியப் பேரரசர் சீனா வந்ததில், தடையை உடைக்கும் நோக்கமும் இருந்தது என்று ஓய்வுபெற்ற பிறகு வெளிப்படையாகவே எழுதினார். ஜப்பானில் பலருக்கு அது கசந்தது. நட்புப் பயணம் என்று நம்பி அனுப்பிவைத்தவர்கள் அவர்கள்.

அந்தக் காலத்தின் மிக நுட்பமான வேலை என்று நான் கருதுவது ஐ.நா. பாதுகாப்பு அவையில் நடந்த 1990 நவம்பர் வாக்கெடுப்பு. குவைத்தை ஈராக் பிடித்ததும் வந்த கண்டனத் தீர்மானத்துக்கும் பொருளாதாரத் தடைக்கும் சீனா ஆதரவாக வாக்களித்தது. அடுத்து அமெரிக்கா ‘தேவையான எல்லா வழிகளையும்’ பயன்படுத்த அனுமதி கேட்டது. அதாவது போர். சீனாவிடம் வீட்டோ இருந்தது. போட்டால் அமெரிக்க உறவு இன்னும் பல வருடம் எழாது. ஆதரித்தால், வெளிநாட்டுப் படையெடுப்பை எதிர்ப்பவர்கள் என்று இத்தனை நாள் சொன்னது என்னாவது? சியன் முதலில் நவம்பர் தொடக்கத்தில் எகிப்து, சவூதி, ஜோர்டான், ஈராக் என்று ஒரு சுற்று போனார். கெய்ரோ விமான நிலையத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பேக்கரைச் சந்தித்தார், பாக்தாதில் சதாம் உசேனிடம் போய்ப் பேசினார். சதாம் மசியவில்லை. 29-ஆம் தேதி நியூயார்க்கில் தாமே இருக்கையில் உட்கார்ந்து, வாக்களிக்காமல் ஒதுங்கினார். பன்னிரண்டு ஆதரவு, கியூபாவும் ஏமனும் எதிர்ப்பு, சீனா மட்டும் நடுவில். மறுநாளே வாஷிங்டனில் அதிபர் புஷ்ஷைச் சந்தித்தார். ஒரு வாக்கைப் போடாமல் இருந்தே மூடியிருந்த கதவு ஒன்றைத் திறந்தார். ஒதுங்குவது என்ற முடிவு பெய்ஜிங்கில் எடுத்தது. ஆனால் பாக்தாத் வரை போய்வந்த பிறகு ஒதுங்குவதற்கும் சும்மா உட்கார்ந்திருந்து ஒதுங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் செய்தவர் அவர். சமாதானத்துக்கு முயன்றுபார்த்தோம் என்று அரபு நாடுகளிடமும், தடுக்கவில்லையே என்று அமெரிக்காவிடமும் ஒரே நேரத்தில் சொல்ல அந்தப் பயணம் உதவியது.

கசப்பான வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. தென் கொரியாவோடு தூதரக உறவு வைப்பது என்று முடிவானதும், அதை வட கொரியாவின் கிம் இல் சுங்கிடம் யாராவது நேரில் போய்ச் சொல்லியாக வேண்டும். கொரியப் போரில் கூட நின்று ரத்தம் சிந்திய நாடு. 1992 ஏப்ரலில் கிம்மின் எண்பதாவது பிறந்தநாளுக்குப் போன குடியரசுத் தலைவர் யாங் ஷாங்குன் விஷயத்தைக் கோடிகாட்டியிருந்தார். இறுதி முடிவைச் சொல்ல ஜூலை மாதம் சியன் தனி விமானத்தில் போனார். ஜியாங் செமினின் செய்தியைச் சொன்னார். கிம் சற்று யோசித்துவிட்டு, நாங்கள் எங்கள் வழியில் சோஷலிசத்தைக் கட்டிக்கொள்கிறோம், கஷ்டம் வந்தால் நாங்களே சமாளிப்போம் என்ற பொருளில் பதில் சொன்னார். கொண்டுபோன பரிசு ஒரு ஜேட் கல் சிற்பமும் புது லிச்சிப் பழமும். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து வழியனுப்பிவிட்டார். சீன விருந்தினர்களுக்கு எப்போதும் வைக்கும் விருந்தும் வைக்கவில்லை. கிம் சீனத் தூதுக்குழு ஒன்றைச் சந்தித்ததிலேயே மிகக் குறுகிய சந்திப்பு அது என்று சியனே பதிவு செய்திருக்கிறார். ஆகஸ்ட் 24-ஆம் தேதி பெய்ஜிங்கில் தென் கொரியாவோடு கையெழுத்தானது. இந்தச் செய்தியைக் கடிதத்தில் அனுப்பியிருக்கலாம். அமைச்சரே போய் முகத்துக்கு நேரே சொன்னதால் வட கொரியாவுடனான உறவு கசந்தாலும் அறுந்துபோகவில்லை என்பது என் கணிப்பு. கணிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கணிப்பு என்றதும் ஆதாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேதிகள், வாக்குகள், கையெழுத்துகள் எல்லாம் பொதுப் பதிவில் உள்ளவை, அவற்றில் வாதமில்லை. அறைக்குள் நடந்த பேச்சும் லிச்சிப் பழமும் பெரும்பாலும் 2003-இல் வெளியான அவருடைய சொந்த நினைவுக் குறிப்பிலிருந்து வருபவை. பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கட்சித் தலைவர் எழுதி, கட்சி அனுமதியோடு வெளிவந்த நூல் அது. தலைமைக்குள் கருத்து வேறுபாடு இருந்திருந்தால் அதில் தெரியாது. எதிர்த்தரப்பு அசடு வழிந்த இடம் தெரியும், தன் தரப்பு வழிந்த இடம் தெரியாது. ஆகவே டெங் சொன்னதாக அவர் தரும் வாக்கியங்களைத் தேர்வில் மேற்கோளாக எழுதாதீர்கள், ‘சியனின் நினைவுப்படி’ என்று சேர்த்து எழுதுங்கள். ஹாங்காங் விஷயத்தில் அவரைப் பற்றிய மதிப்பீடே இரண்டாகப் பிரியும். ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவுக்கு வந்த 1997 கைமாற்றத்துக்கான தயாரிப்புக் குழுவின் தலைவர் அவர், கைமாற்றம் சுமுகமாக முடிந்ததில் அவர் பங்கு பெரிது. அதே சியன்தான் 1996-இல், சீனாவின் உள்விவகாரத்தில் தலையிடும் அரசியல் நடவடிக்கைகளுக்கு ஹாங்காங்கில் இடமிருக்காது என்றும் சொன்னார். அங்கே ஜூன் 4-ஐ நினைவுகூர்ந்து மெழுகுவத்தி ஏற்றிவந்தவர்களிடம் கேட்டால் அவரைப் பற்றி வேறு கதை சொல்வார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் இன்னொரு முனை: ஏன் இவரை மட்டும் தனியாகப் பேசுகிறார்கள். திறமை ஒரு காரணம், பதவி இன்னொன்று. சீனாவில் அமைச்சர் பதவி உயரத்தைக் காட்டாது, கட்சிப் பதவிதான் காட்டும். சியன் 1992-இல் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவுக்குள் (பொலிட்பீரோ) வந்தார், 1993-இல் துணைப் பிரதமருமானார். அதாவது கொள்கை முடிவாகும் மேஜையில் அவருக்கு நாற்காலி இருந்தது. 2002-இல் அவர் அந்தக் குழுவிலிருந்து விலகிய பிறகு, 2017-இல் யாங் ஜியேச்சி நுழையும்வரை பதினைந்து வருடம் தொழில்முறைத் தூதர் எவரும் அங்கே இல்லை. நடுவில் வந்த அமைச்சர்கள் உண்மையிலேயே நீங்கள் சொல்லும் நிலைக்கு அருகில் இருந்தார்கள். 2022 டிசம்பரில் அமைச்சரான சின் காங் ஏழே மாதத்தில், காரணம் எதுவும் அறிவிக்காமல் நீக்கப்பட்டார். பழைய அமைச்சர் வாங் யி, அதற்குள் தலைமைக் குழுவில் இடம்பிடித்திருந்தவர், அதே பதவிக்குத் திரும்பினார். எனவே ‘சீன வெளியுறவு அமைச்சருக்கு அதிகாரம் உண்டா’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. அவர் கட்சியில் எந்தப் படியில் நிற்கிறார் என்று கேளுங்கள், பாதிப் பதில் வந்துவிடும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்தியத் தேர்வு எழுதுவதால் உதவும். 1996 நவம்பர் 29-ஆம் தேதி ஜியாங் செமின் புது தில்லி வந்திருந்தபோது, எல்லையில் ராணுவ நம்பிக்கையை வளர்க்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியத் தரப்பில் ஐ.கே. குஜ்ரால், சீனத் தரப்பில் சியன் சிச்சென். அதன் ஆறாவது பிரிவு, மெய்யான கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எந்தத் தரப்பும் துப்பாக்கிச் சூடு நடத்தவோ வெடி வைக்கவோ கூடாது என்கிறது. 2020 ஜூன் 15 இரவு கல்வானில் இந்திய வீரர்கள் இருபது பேர் இறந்தபோது, ஆயுதம் இருந்தும் ஏன் சுடவில்லை என்று நாடே கேட்டது. அதற்கு இந்திய வெளியுறவு அமைச்சர் சொன்ன பதிலில் இந்த ஒப்பந்தமும் இருந்தது. சியன் 2017 மே 9-ஆம் தேதி, எண்பத்தொன்பது வயதில் காலமாகியிருந்தார். கல்வான் பற்றி எழுதும்போது அந்த ஆறாவது பிரிவை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். இரண்டு பக்கமும் இன்றைக்கும் அந்தச் சொற்களை வைத்துத்தான் வாதாடுகிறார்கள்.